மொட்டை மாடியிலிருந்து கொல்லிமலை தெரியுமா?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினால், வடமேற்கே அடிவானத்தில் நீலமாக ஒரு மேடு தெரியும். அப்பா அதைக் கொல்லிமலை என்பார். பக்கத்து வீட்டு மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். "கொல்லிமலை எங்கே இருக்கு, நாம எங்கே இருக்கோம்? அது பச்சைமலை சார்" என்பார். இந்த வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது ஓர் இணையதளம். அப்பாதான் ஜெயித்தார். ஆனால் மாமாவும் முழுக்கத் தோற்கவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஓர் இடத்தில் நின்றால் எந்தெந்த நிலப்பரப்பு கண்ணுக்கு எட்டும், எது எட்டாது என்று கணக்குப் போட்டு, வரைபடத்தின்மேல் வண்ணம் பூசிக் காட்டுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படி வண்ணம் விழும் பரப்புக்கு ஆங்கிலத்தில் வியூஷெட் என்று பெயர். எங்கெங்கே பெய்த மழை எந்த ஆற்றுக்கு வந்து சேரும் என்பதை வைத்து நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம் இல்லையா, அதற்கு ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் என்று பெயர், அதே அச்சில் வார்த்த சொல் இது. நான் இங்கே பார்வைப் பரப்பு என்றே எழுதுகிறேன்.

சாதாரண வரைபடத்தைப் பார்த்தால் திருச்சிக்கும் கொல்லிமலைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 64 கி.மீ. என்று தெரிந்துகொள்ளலாம். நடுவில் என்ன நிற்கிறது, அது மறைக்குமா, பூமியின் வளைவு எவ்வளவை விழுங்கும் என்பதெல்லாம் அதில் தெரியாது. பார்வைப் பரப்புக் கருவி பார்ப்பது இதைத்தான்.

டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்த அனுபவம் இருந்தால் இதன் சூத்திரம் பாதி புரிந்துவிடும். முன்னால் இருப்பவர் தலை உங்கள் பார்வையை ஒரு கோணத்துக்கு மேலே தள்ளிவிடுகிறது. அவருக்கும் முன்னால் இன்னொருவர் இருக்கிறார். அவர் எவ்வளவு உயரம் என்பது முக்கியமில்லை. உங்கள் கண்ணிலிருந்து பார்க்கும்போது அவர் தலை, முதல் ஆளின் தலைக்கு மேலே எட்டிப்பார்க்கிறதா என்பதுதான் முக்கியம். எட்டிப்பார்த்தால் தெரிவார், இல்லையென்றால் மறைந்துவிடுவார்.

கணினியும் இதையே செய்கிறது. நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஓர் எண்ணை வைத்திருக்கும். நீங்கள் நிற்கும் கட்டத்திலிருந்து எல்லாத் திசைக்கும் கோடு இழுக்கும். ஒவ்வொரு கோட்டிலும் கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஒவ்வொரு கட்டமாகப் போகும்.

ஓர் உதாரணம். உங்கள் கண் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1 கி.மீ. தள்ளி 30 மீட்டர் உயரத்தில் ஒரு கரடு. அது கண்ணைவிட 20 மீட்டர் மேலே, ஆக ஏற்றம் கிலோமீட்டருக்கு 20. இதைக் குறித்துக்கொள்கிறது. 3 கி.மீ. தூரத்தில் 60 மீட்டர் குன்று ஒன்று. கண்ணைவிட 50 மீட்டர் மேலே. 50ஐ 3ஆல் வகுத்தால் 17க்குள்தான் வருகிறது. 20ஐத் தாண்டவில்லை. கரட்டைவிட இரு மடங்கு உயரமாக இருந்தும் குன்று மறைந்துவிட்டது. 5 கி.மீ. தூரத்தில் 150 மீட்டர் மலை. 140ஐ 5ஆல் வகுத்தால் 28. இது தெரியும். இனி 28ஐத் தாண்டுவதுதான் கண்ணில் படும். இப்படி லட்சக்கணக்கான கட்டங்களுக்குச் செய்து முடித்தால் பார்வைப் பரப்பு தயார். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, நான்காம் வகுப்பு வகுத்தல்தான். பொறுமைதான் நமக்கு இல்லாதது.

சரி, பூமி உருண்டை. தூரம் போகப் போக நிலம் நம் கண்மட்டத்திலிருந்து கீழே சரிந்துகொண்டே போகிறது. 1 கி.மீ. தூரத்தில் இந்தச் சரிவு 8 சென்டிமீட்டர்தான். ஆனால் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 கி.மீ.க்கு ஏறக்குறைய 8 மீட்டர், 100 கி.மீ.க்கு 785 மீட்டர். இதற்கு எதிராகக் காற்று கொஞ்சம் உதவுகிறது. தரைக்கு அருகில் காற்று அடர்த்தியாகவும் மேலே மெல்லியதாகவும் இருப்பதால் ஒளிக்கதிர் லேசாக வளைந்து பூமியின் வளைவோடு சேர்ந்து வருகிறது. அதனால் சரிவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நமக்குத் திரும்பக் கிடைக்கும். நல்ல கருவிகள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இப்போது எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். திருச்சி கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர்போல் உயரம். மாடியும் ஆளும் சேர்த்துக் கண் 100 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கொல்லிமலையின் மேல்பகுதி சுமார் 1,300 மீட்டர். 64 கி.மீ.க்குச் சரிவு 321 மீட்டர், காற்றின் சலுகை போக 280. ஆக 1,300இல் 100ஐயும் 280ஐயும் கழித்தால் 920 மீட்டர் நம் கண்மட்டத்துக்கு மேலே நிற்கும். 64 கி.மீ. தூரத்தில் 920 மீட்டர் என்பது 1 பாகைக்கும் குறைவு. கையை நேராக நீட்டிச் சுண்டுவிரல் நுனியைப் படுக்கவைத்துப் பிடித்தால் மொத்த மலையும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் நிச்சயம் தெரிகிற அளவுதான். முழு நிலாவே அரைப் பாகைதான்.

மாமாவின் பச்சைமலையும் தெரியும். அது இன்னும் கிட்டே, ஆனால் வடமேற்கில் இல்லை, வடக்கை ஒட்டி. இருவரும் ஒரே மேட்டைக் காட்டி வாதாடியதாகத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கருவி போட்ட படத்தில் இரண்டு மலையும் தனித்தனியே பெயரோடும் திசையோடும் வந்து நின்றபோதுதான், அவர் தன் மாடியிலிருந்து கை நீட்டியது வேறு மேடு என்று புரிந்தது.

நான் பயன்படுத்தியது ஹேவாட்ஸ்தட் என்ற தளம். தோற்றம் இருபது வருடம் பழசாக இருக்கும், அதைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீர்கள். வரைபடத்தில் நிற்கும் இடத்தைச் சொடுக்கி, தரையிலிருந்து கண் எவ்வளவு உயரம் என்று கொடுத்து அனுப்பினால், கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் உள்ள அடிவானத்தைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து, சிகரங்களுக்குப் பெயர் எழுதித் தரும். கூடவே வரைபடத்தின்மேல் தெரியும் பகுதிகளுக்குச் சிவப்புச் சாயமும் பூசும். பீக்ஃபைண்டர் இதைவிட அழகு. கைபேசியை மலைப்பக்கம் திருப்பினால் திரையில் மலையின் கோட்டுருவமும் பெயரும் வரும். கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் இறக்கினால் அதிலும் பின் குத்திய இடத்துக்குப் பார்வைப் பரப்பு போட வழி இருக்கிறது. நில அளவை, காடு, கட்டுமானம் என்று வேலையாகவே செய்பவர்கள் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குப் போவார்கள். முதல் முறை முயல்பவருக்கு முதல் இரண்டே போதும்.

எந்தக் கருவியானாலும், தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்: கண்ணின் உயரம் கேட்கும் பெட்டி. அதைக் காலியாக விட்டால் தரையில் நிற்பதாக எடுத்துக்கொள்ளும். சமவெளியில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடற்கரைக் கணக்கு இதைப் பளிச்சென்று காட்டும். கண் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கி.மீ. தூரம் என்று வரும். மெரினா மணலில் நிற்பவருக்கு, கண் 1.7 மீட்டர் என்றால், அடிவானம் 4.7 கி.மீ.தான். கடல் முடிவில்லாமல் விரிகிறது என்று பாடுகிறோம். பார்ப்பதென்னவோ ஐந்து கி.மீ.கூட இல்லை. அதே ஆள் பக்கத்தில் இருக்கும் கலங்கரை விளக்கத்தில் 46 மீட்டர் உயரம் ஏறினால் 24 கி.மீ. ஆகிவிடும். காற்றின் வளைவைச் சேர்த்தால் ஏழெட்டு சதவீதம் கூடும்.

தனுஷ்கோடிக்குப் போனவர்களிடம் கேட்டால், "அரிச்சல்முனையிலிருந்து பார்த்தோம், இலங்கை தெரிந்தது" என்று பாதிப்பேர் சொல்வார்கள். அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 29 கி.மீ. மணலில் நிற்பவரின் அடிவானம் 4.7 கி.மீ. மீதமுள்ள 24 கி.மீ. சொச்சத்துக்கு எதிர்ப்பக்கம் எழும்பி வரவேண்டும். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், காற்றின் சலுகையையும் கொடுத்த பிறகு, எதிர்க்கரையில் 40 மீட்டராவது உயரமான ஒன்று இருந்தால்தான் அதன் நுனி தென்படத் தொடங்கும். மன்னார் தீவோ தட்டையானது. கரை தெரிய வாய்ப்பே இல்லை. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் நடுவில் கிடக்கும் மணல்திட்டுகளை. ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லலாம். 2020இல் மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவினார்கள். அவற்றின் இறக்கை நுனி 100 மீட்டருக்கு மேல் எழும். அந்த உயரம் என்றால் 40 கி.மீ.வரை கணக்கில் இடம் இருக்கிறது. எந்தக் காற்றாலை கோட்டுக்குள் வரும், எது வராது என்று ஒவ்வொன்றாகக் கருவியில் குத்திப் பார்க்க வேண்டும். விடுமுறை நாளில் உட்கார்ந்து செய்ய நல்ல வேலை.

இலங்கை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, சிவனொளிபாத மலையை ஒன்பது நாள் பயணத் தொலைவிலேயே கண்டதாகச் சொல்லிவைத்திருக்கிறார். மலை 2,243 மீட்டர். கப்பல் தளத்தில் நிற்பவருக்கு, எல்லாச் சலுகையும் சேர்த்து, 190 கி.மீ.போல் வரும். அந்தத் தூரத்துக்கு ஒன்பது நாள் என்றால் காற்று சரியாக அடிக்கவில்லை போலும்.

இந்த உயர எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அதில் ஒரு ரேடார் ஆன்டெனா, அங்கிருந்து நீட்டிய 60 மீட்டர் கம்பத்தின் முனையில் இன்னொன்று. இரண்டு கண்ணால் பார்த்தால் ஆழம் தெரிவதுபோல, இரண்டு ஆன்டெனாவால் மேடுபள்ளம் தெரியும். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அந்தப் பதினொரு நாளில் அளந்துவிட்டார்கள். நமக்குக் கிடைத்தது முதலில் 90 மீட்டர் கட்டங்களாகத்தான். 2014இலிருந்து 30 மீட்டர் கட்டங்களாகவே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நம் இஸ்ரோவும் 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து தனியாக ஓர் உயரத் தொகுப்பைச் செய்து புவன் தளத்தில் வைத்திருக்கிறது.

30 மீட்டர் கட்டம் என்றால், ஒரு கிரவுண்டு மனைகள் நான்கைச் சேர்த்து அத்தனைக்கும் ஒரே உயரம் என்று அர்த்தம். கூரான பாறை உச்சிகள் இதில் மழுங்கிப்போகும். தவிர, ரேடார் மண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. அடர்ந்த காட்டில் மர உச்சிக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ ஓர் உயரத்தைத்தான் குறித்துக்கொண்டு வந்தது. தனித்து நிற்கும் ஒரு மரமோ, போன வருடம் எழும்பிய அடுக்குமாடியோ அதற்குத் தெரியாது.

எங்கள் மாடிக்கே அது நடந்தது. 300 மீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. மரங்கள் 15 மீட்டர், தரையிலிருந்து என் கண் 10 மீட்டர். 5 மீட்டர் கூடுதல், 300 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.95 பாகை. கொல்லிமலை 0.82 பாகை என்று மேலே கணக்குப் போட்டோம். ஆக ஒரு தென்னை ஓலை மொத்த மலையையும் முழுங்கிவிடும்! அப்பா எப்போதும் மாடியின் இடது மூலைக்கே போய் நின்றதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அங்கிருந்துதான் இரண்டு மரங்களுக்கு நடுவே சந்து இருக்கிறது.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது: கருவி "தெரியாது" என்று சொன்னால் கிட்டத்தட்ட நம்பிவிடுவேன், "தெரியும்" என்று சொன்னால் போய்ப் பார்த்தபிறகு நம்புவேன். நடுவில் நிலம் மறைக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் கருவி பொறுப்பு. மரத்துக்கும் கட்டடத்துக்கும் காற்றின் தெளிவுக்கும் அது ஜவாப்தாரி இல்லை. 2020 ஏப்ரலில் ஊரடங்கு நடந்தபோது பஞ்சாபின் ஜலந்தரில் மாடியேறியவர்கள் தௌலாதார் பனிமலைகளைப் பார்த்துத் திகைத்தார்கள். சுமார் 200 கி.மீ. தூரம் என்று செய்திகள் வந்தன. அதற்கு முந்தின வாரம் கருவியில் போட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் வந்திருக்கும். மலையும் கோடும் எப்போதும் அங்கேதான் இருந்தன. புகையும் தூசியும் விலகியதுதான் புதிது. எதிர்ப்பக்கம் பார்த்தால், தெளிந்த காற்றும் உயரமும் கூடி வந்தபோது பிரனீஸ் மலையின் ஃபினெஸ்ட்ரெல் சிகரத்திலிருந்து ஆல்ப்ஸின் காஸ்பார் சிகரத்தை 443 கி.மீ. தூரத்தில் ஒருவர் 2016இல் படமே பிடித்திருக்கிறார். சூரியன் அந்த மலைக்குப் பின்னால் உதிக்கும் நாளைக் கணக்குப் பார்த்து, விடியலுக்கு முன் போய்க் காத்திருந்து எடுத்த படம்.

தென்னை மரம் மறைக்கும் தொல்லை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1802இல் பரங்கிமலைப் பக்கம் மற்ற எல்லாத் தூரங்களையும் கணக்கிட அடிப்படையாக 12 கி.மீ. நீள நேர்க்கோடு ஒன்றை அளந்து ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவை, முழுக்க முழுக்க ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி தெரிய வேண்டும் என்பதையே நம்பி நடந்தது. மலை இருக்கும் இடத்தில் பிரச்சினை இல்லை. காவிரிச் சமவெளியில் எங்கே பார்த்தாலும் தென்னை. ஏறுவதற்கு மலை இல்லை, ஆகவே கோயில்களின்மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் தானே உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்தாராம். நாம் ஒரு சொடுக்கில் கேட்கிற கேள்விக்கு அன்று அவ்வளவு பெரிய விலை.

கண்ணுக்குப் பொருந்துவது வானொலிக்கும் பெருமளவு பொருந்தும். பண்பலை அலைகளும் கைபேசி அலைகளும் ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். ஒளியைவிடச் சற்றே கூடுதலாக வளையும், அதனால் 3.57க்குப் பதிலாக 4.12 போட்டுக்கொள்வார்கள். கோடை பண்பலை 100.5 மலையடிவாரத்தைத் தாண்டி எத்தனையோ மாவட்டங்களில் எடுப்பதன் ரகசியம் இதுதான். 2,000 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் நிலையத்துக்குக் கணக்குப்படி 180 கி.மீ.க்குக் குறையாமல் கை நீளும், நடுவில் வேறு மலை வராதவரை. இராமேசுவரத்தில் 323 மீட்டருக்கு டிவி கோபுரம் எழுப்பியதும் இதே கணக்குதான். சமவெளியில் மலை இல்லையென்றால் நாமே ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து விமானங்களின் சிக்னலைப் பிடிக்கும் பொழுதுபோக்குக்காரர்கள், 10,000 அடியில் பறக்கும் விமானம் எதுவரை கிடைக்கும், 40,000 அடியில் பறந்தால் எதுவரை என்று ஹேவாட்ஸ்தட்டில்தான் வளையம் போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வசதி, இந்தக் கோடு இருவழிப் பாதை. உயரங்களைச் சரியாகக் கொடுத்தால், இங்கிருந்து அது தெரியும் என்றால் அங்கிருந்து இதுவும் தெரியும். இதைச் சொன்னதும் அப்பா பிடித்துக்கொண்டார். "அப்படின்னா நீ கொல்லிமலைக்குப் போய் நின்னு கை ஆட்டினா எனக்குத் தெரியுமா?" தெரியாதுதான். நல்ல கண்ணுக்குக்கூட 64 கி.மீ. தூரத்தில் 18 மீட்டர் அகலக் கட்டடம் வெறும் புள்ளி. கோடு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, பொருள் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதில்லை.

ஆனால் வெயிலில் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினால் வேறு கதை. பழைய நில அளவைக்காரர்கள் தூரத்து நிலையத்தை அடையாளம் காண, சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பிவிடும் ஹீலியோட்ரோப்பைத்தான் வைத்துக்கொண்டார்கள். வருகிற டிசம்பரில், மழை விட்ட முதல் வெயில் நாளில், எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறுவதாகத் திட்டம். பழைய பீரோவின் கதவுக் கண்ணாடியைக் கழற்றித் தரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். மாமா தன் வீட்டுச் சவரக் கண்ணாடியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பச்சைமலைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.